சலவைக்கடை மாடியில் ஒரு சபை

பிப்ரவரி 6

தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதுகு வலிக்கிறது, குளிக்க வெந்நீர் கிடைப்பதில்லை. மற்றபடி என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று உன் மனைவியிடம் மறுபடியும் சொல்.

இந்த ஊழியப் பயணத்துக்கு என் பெயரைக் கொடுத்தது நீ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரெண்டு வாரந்தான்க்கா, நாலு பல்லப் பிடுங்கிட்டு வந்துடு" என்றாய். என்னோடு வந்த மூன்று பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். பல் மருத்துவர் என்பதால் எனக்கு மட்டும் இந்த ஊர் அதிகாரிகள் ஆறு மாத அனுமதி கொடுத்துவிட்டார்கள். குழுத் தலைவர் "இது தேவ சித்தம், சிஸ்டர்" என்று சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு விமானம் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்குகிற என்னைத்தான் தேவ சித்தம் தேடிப் பிடித்திருக்கிறது.

ஒரு சலவைக்கடையின் மாடியில் முன் அறைதான் என் மருத்துவமனை. சலூன் நாற்காலியில் நோயாளியைச் சாய்த்துப் பல் பார்க்கிறேன். பின் அறையில் துணிக்கு இஸ்திரி போடுகிறார்கள். நீ சொன்ன அந்த 'உபத்திரவப்படும் விசுவாசிகள்' சனிக்கிழமை மத்தியானம் கூடுவதும் அதே அறையில்தான். கீழே சலவை இயந்திரங்கள் ஓடுகிற சத்தத்தில் பாட்டு வெளியே கேட்காது. எல்லோரும் பல் வலிக்காரர்கள் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வருகிறார்கள். அதில் ஒருவருக்கு நிஜமாகவே கடைவாய்ப் பல் சொத்தை. நடிக்கத்தானே வந்தோம் என்று முதல் இரண்டு வாரம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. இவர்களோடு என்ன செய்வது சொல்.

போனில் பேசினால் மூன்றாவது ஆள் மூச்சு விடுவது கேட்கிறது. அதனால்தான் கடிதம். மருந்துச் சாமான் கொண்டுவரும் லாரிக்காரர் எல்லையைத் தாண்டியதும் தபாலில் போடுவார், உன் பதிலையும் அவர் முகவரிக்கே அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 27

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடிக்கும் ஏறி இறங்குகிறாள். சொன்னால் கேட்பதில்லை. நீ சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டாயா என்று தினமும் என்னைப் போட்டுப் படுத்துகிறாள். நான் என்ன அங்கேயா இருக்கிறேன்?

உன் கடிதத்தைச் சபையில் வாசிக்கலாம் என்று ஆசையோடு பிரித்தேன். முதுகு வலி, வெந்நீர், சொத்தைப் பல். அக்கா, இதை எப்படி நான் அறுநூறு பேருக்கு முன்னால் வாசிப்பேன்? ஏப்ரலில் சபைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. செயலாளர் என்ற முறையில் சிறப்பிதழ் பொறுப்பு என் தலையில். நீ அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும், "அக்கா சாட்சி எழுதினாங்களா?" என்று கேட்டுத் துளைக்கிறார்கள். சிறையில் பாடினார்கள், சங்கிலி கழன்றது, இப்படி ஏதாவது நடந்திருக்குமே. கொஞ்சம் விசாரித்து எழுது. அவர்கள் பாடுபட்டதைக் கேட்டால் இங்கே இருப்பவர்களுக்கு விசுவாசம் வளரும்.

உனக்காக ஜெபிக்கும்
தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

உடம்பு தேவலை. அம்மாவை மாடி ஏற விடாதே. அவளுக்குச் சந்தேகம் தீர ஒரு படம் வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்க்கட்டும், இளைக்கவில்லை.

விசாரித்தேன். சங்கிலி எதுவும் கழலவில்லை. சலவைக்கடைக்காரம்மாவின் புருஷன் இரண்டு வருஷமாகச் சிறையில் இருக்கிறார், இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். இந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வாயைத் திறந்தால் மூட மாட்டாள், பல் பிடுங்கும்போதுகூட. கூட்டத்தில் பாதி நேரம் சண்டை. யார் பாட்டை இழுத்துப் பாடுகிறார், யார் செருப்பைப் படியில் விட்டார், இதெல்லாம்தான். நம் நிர்வாகக் குழுவை நினைத்துக்கொண்டேன்.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். அவள் புருஷனைக் காட்டிக் கொடுத்தவன் வாரம் தவறாமல் அந்த அறைக்கு வந்து உட்காருகிறான். போலீஸில் இரண்டு அடி வாங்கியதும் பெயரைச் சொல்லிவிட்டானாம். கப்பல் பட்டறையில் நம் ஆட்களோடு வேலை பார்த்தவன், நம் மொழி பேசுவான். அதனால் எனக்கு மொழிபெயர்ப்பாளனும் அவனே. 'ரெட்டை நாக்கு' என்று முகத்துக்கு நேரே கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொள்கிறான்.

அவளிடம் கேட்டே விட்டேன். என் கேள்வியையும் அவள் பதிலையும் அவனே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, அந்தக் கண்றாவியை என்ன சொல்ல.

"இவன் மறுபடியும் சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

"சொன்னாலும் சொல்வான். அதுக்காக வராதேன்னு சொல்ல முடியுமா? தப்புப் பண்ணினவன் வேற எங்க போவான்?"

"அப்போ மன்னிச்சுட்டீங்களா?"

"மன்னிச்சாச்சு. பிடிச்சிருக்குன்னு யாரு சொன்னா?"

ஈரத் துணி மூட்டையெல்லாம் அவன் தலையில்தான். கனம் அதிகம், தண்ணீர் சொட்டும், முதுகு நனையும். உலர்ந்த துணியை மடிக்கிற சுகமான வேலையை அவள் அவனுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. வாரம் முழுக்க அப்படி வதைத்துவிட்டு, சனிக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாள். எனக்குத் தலை சுற்றுகிறது.

கடை வாசலில் எடுத்த படத்தில் வாயில் பஞ்சோடு சிரிப்பவள்தான் அவள். மற்றவர்கள் முகமும் தெரிகிறது. ஆகவே படமும் என் கடிதங்களும் வீட்டோடு இருக்கட்டும். அம்மா பார்த்ததும் கிழித்துவிடு.

அக்கா

ஏப்ரல் 20

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

நாங்கள் நலம். படத்தைப் பார்த்து அம்மா அழுதாள், பிறகு "கழுத்தெலும்பு தெரியுதே" என்று ஆரம்பித்துவிட்டாள்.

உன் கடிதம் எங்களுக்கு எவ்வளவு பிரயோஜனமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. போதகர் ஐயாவே கண் கலங்கினார். விழா மிக நன்றாக நடந்தது. சிறப்பிதழும் அழகாக வந்திருக்கிறது, நீ வந்ததும் பார்ப்பாய்.

உனக்கு அங்கே என்ன வேண்டும் என்று எழுது. நீ கூட்டத்தில் ஜெபிக்கிறாயா, சும்மா உட்கார்ந்திருக்கிறாயா? கொஞ்சம் ஆவிக்குரிய விதமாக இரு அக்கா.

தம்பி

மே 11

தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. இதை அம்மாவிடம் காட்டாதே.

போன சனிக்கிழமை மத்தியானம் பாடிக்கொண்டிருக்கும்போது கீழே இயந்திரங்கள் நின்றுவிட்டன. யாரோ கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். பாதி வரியை வெளியே கேட்கும்படி பாடிவிட்டுத்தான் எங்களுக்கு உறைத்தது. நான்கு போலீஸ்காரர்கள் மேலே வந்தார்கள். எல்லோரும் என் நோயாளிகள் என்று சொன்னேன். அதிகாரி, "அப்படியா, எல்லாரும் வாயைத் திறங்க" என்றான். வரிசையாக நின்று வாயைத் திறந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தான். முதல் வாயிலேயே ஒரு பல் பழுதில்லை. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது சலவைக்கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "கடை என்னுது, கூட்டமும் என்னுது. இவங்கள விட்டுடுங்க" என்றாள். எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு அவளை மட்டும் கூட்டிப் போனார்கள். செருப்புப் போடக்கூட விடவில்லை.

வண்டி போனதும் படிக்கட்டில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு தடவையா? அவ புருஷன் பத்தலையா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். பத்து வருஷமாக யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அவன் என்னைப் பார்த்தான். "நான் இல்லைன்னா நம்புவீங்களா?" என்றான். நம்ப மாட்டேன் என்றேன். கீழே இறங்கிப் போய், நின்ற இயந்திரத்திலிருந்து துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். "அப்படியே விட்டா நாத்தம் பிடிச்சுடும், நாளைக்கு ஆளுங்க வந்து கேப்பாங்க" என்றான். அந்த நெஞ்சழுத்தத்தைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அவளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நீ பதில் எழுது. ஜெபம் செய் என்று சொல்ல வரவில்லை, ஆனாலும் செய்.

அக்கா

மே 30

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. அம்மா நலமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு அவன் வந்தான், மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. அதிகாரி மேசையில் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நம் சபையின் சிறப்பிதழ். இணையத்திலும் போட்டிருக்கிறீர்களாமே. பாதிப் பக்கத்துக்கு அந்தப் படம். வாயில் பஞ்சோடு அவள் சிரிக்கிறாள். கீழே 'உபத்திரவத்தின் நடுவிலும் மகிழ்ச்சி' என்று போட்டு, என் வரிகள். இயந்திரச் சத்தத்தில் பாடுவது, சனிக்கிழமை மத்தியானம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவது. இந்த ஊர் பெயரை விட்டுவிட்டதாக உனக்குச் சமாதானமாக இருக்கும். படத்தில் என் தலைக்குப் பின்னால் கடைப் பலகை தெரிகிறது.

"இது என்ன எழுதியிருக்கு, வாசி" என்று அதிகாரி அவனிடம் சொன்னார். அவன் வாசித்தான். நடுவில் ஓரிடத்தில் நின்றான், அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவன் பாட்டுக்கு நடந்தான். என்னால்தான் தாங்க முடியவில்லை.

"படிக்கட்டுல அத்தனை பேர் முன்னால கத்தினேனே. ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்றது? அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கொஞ்ச தூரம் போனதும், "யாரு போட்டது?" என்றார்.

"என் தம்பி."

"அவருக்கு எழுதுங்க. கோபத்துல எழுதாம இருந்துடாதீங்க. எங்கூட யாரும் பேசாம இருந்த நாள்லதான் நான் ரொம்பக் கெட்டுப் போனேன்."

அவர் சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன். நானாக எழுதியிருக்க மாட்டேன். வீட்டோடு இருக்கட்டும் என்ற வரியைப் படித்தாயா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

ஜூன் 22

பிரியமான அக்காவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், இப்போது பரவாயில்லை. மாடியில் ஓடு மாற்றினோம். வேலைக்கு வந்தவன் பாதியில் விட்டுவிட்டுப் போய், அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்.

நீ எழுதியது மிகவும் வேதனையாக இருந்தது. சிறப்பிதழில் எதைப் போடுவது என்பது குழுவின் முடிவு. நிறையப் பேர் ஜெபிக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். இத்தனை தூரத்தில் இருப்பவர்கள் கண்ணில் படும் என்று யார் நினைத்தார்கள்? இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். விசேஷ ஜெபக் கூட்டமும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

நீ உடனே கிளம்பி வந்துவிடு. அம்மா ஏங்கிப் போயிருக்கிறாள்.

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

அம்மாவுக்கு ஊசி போட்டது நல்லதுதான். ஓடு மாற்றியதும் நல்லதுதான்.

நான் கேட்டது வேறு.

அக்கா

ஜூலை 25

தம்பிக்கு,

நான் தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். அம்மாவிடம் அப்படியே சொல்.

சலவைக்கடைக்காரம்மா வந்துவிட்டாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, எப்படி என்று அவள் சொல்லவில்லை. இவ்வளவு நாளாகக் கடையை நடத்தியவர் ரெட்டை நாக்குதான். என்னை அப்படிக் கூப்பிடச் சொன்னதே அவர்தான், 'ஐயா' என்றால் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். ஒரு வாடிக்கைக்காரரின் சட்டைகூடக் காணாமல் போகவில்லை. அவள் வந்த அன்று எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோப்பை அள்ளிக் கொட்டியிருக்கே" என்று அவரைத் திட்டினாள். அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

சிறப்பிதழ் விஷயத்தை அவளிடம் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. அதையும் அவர்தான் மொழிபெயர்த்தார். நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் நான்கு வார்த்தை சொன்னார். "என் தம்பிக்காகக் குறைச்சுச் சொல்லாதீங்க" என்றேன். "குறைக்கலை, அவளுக்கு ரெண்டு வார்த்தையிலயே புரிஞ்சுடுச்சு" என்றார்.

அவள் எழுந்து போய்விட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் என் அறை வாசலில் ஈரத் துணி மூட்டை ஒன்று இருந்தது. அதற்கு மறுநாளும். நானும் அவரும் ஆளுக்கொரு மூட்டையாக மொட்டைமாடிக்குச் சுமந்தோம். என் முதுகைப் பற்றி உனக்குத் தெரியும். அப்படியும் சுமந்தேன். மன்னிப்பு என்றால் மனசு இளகி வருவது, கட்டிப் பிடித்து அழுவது என்று நினைத்திருந்தேன். இவளுக்கு மனசு இளகவே இல்லை. எரிச்சல் அப்படியே இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை என் பாயை அவள் பாய்க்குப் பக்கத்தில் அவளே இழுத்துப் போட்டாள். ஆமாம், மறுபடியும் கூடுகிறோம். எங்கே என்று உனக்கு எழுத மாட்டேன்.

அன்றைக்குத்தான் உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"உன் தம்பிக்குச் சபை இருக்கா?"

"அவன்தான் செயலாளர்."

"அவன் செஞ்சது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காது."

"சொல்லச் சொல்லு. ஒளிச்சு வச்சா அவன் தனியாதான் கிடக்கணும். சபைன்னு ஒண்ணு பின்ன எதுக்கு இருக்கு?"

பிறகு உனக்காக ஜெபித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு ஜெபித்தாள், பல் டாக்டருக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் முடித்ததும் நானும் ஜெபித்தேன். வாய்விட்டு ஜெபிப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. அதில் பாதி உன்னைத் திட்டியதுதான்.

அனுமதியை இன்னும் ஆறு மாதம் நீட்டிக் கேட்டிருக்கிறேன். கிடைக்கிறதோ இல்லையோ.

அக்கா

ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ இன்னும் ஆறு மாதம் இருக்கப் போகிறாய் என்றதும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் சுகம் என்று எழுத வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: படித்தேன். வீட்டோடு இருக்கட்டும் என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். குழுவுக்கு ஒன்றும் தெரியாது. படமும் எழுத்தும் நான் கொடுத்தவை. விழாவில் எல்லோரும் என் அக்காவைப் பற்றிப் பேச வேண்டும் என்றிருந்தது. என்னைப் பற்றியும்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் இதைச் சொன்னேன். நான் சபைத் தமிழில் ஆரம்பித்ததால் சாட்சி என்று நினைத்துவிட்டார்கள். முன் வரிசையில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். போதகர் ஐயா மைக்கை வாங்கி, "தம்பியோட தாழ்மையப் பாருங்க" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது, அக்கா. இத்தனை வருஷமாக நானே அவர்களுக்கு இப்படிப் பழக்கிவிட்டிருக்கிறேன். மைக்கைத் திரும்ப வாங்கினேன்.

"தாழ்மை இல்லீங்க ஐயா. போடாதேன்னு அக்கா எழுதியிருந்தாங்க. நான் போட்டேன். அந்தப் படத்துல சிரிக்கிறாங்களே, அந்தம்மாவப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்போ ரெண்டு விரல் மடங்கலை. அது என்னால."

அதற்குப் பிறகு யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

அந்த வாரமே குழு கூடி, பொறுப்பிலிருந்து விலகச் சொன்னார்கள். இதழ் விஷயம் நிர்வாகத்துக்குத் தெரியாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது உண்மைதானே, எழுதிக் கொடுத்தேன். வழியில் பார்ப்பவர்கள் அவசர வேலை இருக்கிற மாதிரி நடக்கிறார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தம்மா சொல்லியனுப்பியதை நினைத்துத்தான் போனேன். முன்னால் என் வழக்கமான இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அந்த வரிசையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் நடந்து வந்தேன். கடைசி வரிசையில், மாடிப்படிக்குக் கீழே, தூணுக்குப் பின்னால் ஒரே ஒருவர் இருந்தார். பாடகர் குழுவில் இருந்தவர். குடித்துவிட்டு வந்தார் என்று ஆறு வருஷத்துக்கு முன் குழுவிலிருந்து நீக்கினோம். அந்தத் தீர்மானத்தை வாசித்தது நான். ஊரை விட்டே போய்விட்டார் என்று நினைத்திருந்தேன்.

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க போனேன்? வாராவாரம் இங்கதான் உட்கார்றேன். நீங்க பார்த்ததில்லையா?"

பார்த்ததில்லை என்றேன்.

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

தம்பி